தேகாப்பியாச யந்திரமும் குழந்தையின் கையும்

தேகத்தைப் பலப்படுத்திக்கொள்ள வேண்டுமென்னும் எண்ணம் நம்மவரிடையே வளர்ந்துவருவது கண்டு நாம் மகிழ்ச்சியடைகிறோம். காலையில் கடற்கரையிலும் பூங்காவிலும் நடப்போர் தொகை பெருகியிருக்கிறது. தெருவில் நடக்க இடமில்லாதோரும், நேரமில்லாதோரும், வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சுவோரும் யந்திரங்களை விலைக்கு வாங்கி வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றனர். 2020-ஆம் வருஷத்தில் கொரோனா நோய் பரவித் தேகாப்பியாச சாலைகளெல்லாம் அடைபட்டபோது இவ்வழக்கம் பல தேசங்களிலும் ஒரே பாய்ச்சலாக மேலோங்கிற்று. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மதுரையிலும், முன்பு ஊஞ்சல் தொங்கிய கூடத்தில் இன்று டிரெட்மில் என்னும் ஓட்ட யந்திரம் நிற்கக் காண்கிறோம். சில வீடுகளில் அதன்மேல் மனிதர் ஓடுவதைவிட ஈரத்துணி உலர்வதே அதிகம். அது வேறு விஷயம். இன்று நாம் எழுதப் புகுந்தது அந்த யந்திரத்தின் அருகே தவழ்ந்து விளையாடும் குழந்தையைப் பற்றியாகும்.

யந்திரம் வாங்குவோர் விலையை விசாரிக்கின்றனர், வேகத்தை விசாரிக்கின்றனர், எத்தனை கிலோ பாரம் தாங்கும், மின்சாரம் எவ்வளவு செலவாகும், மடித்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாமா என்றெல்லாம் கேட்கின்றனர். "எங்கள் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது, அதன் விரல் இதில் எங்கே சிக்கும்?" என்று கேட்டவரை நாம் இதுவரை கண்டதில்லை. நாமும் கேட்கவில்லை.

சொந்த வீட்டுச் சங்கதிகளைப் பத்திரிகையில் எழுதுவது நமக்கு வழக்கமன்று. ஆயினும் பிறருக்குப் புத்தி சொல்ல வருகிறவன் தன் குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்வதே முறையென்று கருதி இதனைச் சொல்லுகிறோம். சில வருஷங்களுக்கு முன் ஒருநாட்காலை நாம் சுவரைப் பார்த்த வண்ணம் யந்திரத்தின்மேல் ஓடிக்கொண்டிருந்தோம். காதிலே பாட்டுக் கருவி. நமக்குப் பின்னால், அப்போது மூன்று வயது நிரம்பாத நம் இளைய பெண் தன் மரப்பாச்சியை ஓடும் பட்டையின்மேல் வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறாள். பட்டை பொம்மையைப் பின்னுக்குத் தள்ளி, உருளைக்கும் தரைக்கும் நடுவே இழுத்துக்கொண்டது. குழந்தை அதை மீட்கக் குனிந்து கையை நீட்டினாள். அடுக்களையிலிருந்து வந்த நம் தாயார் அவளை வாரியெடுத்திராவிட்டால் நிகழ்ந்திருக்கக்கூடியதை எழுத நம் கை துணியவில்லை. இரண்டு விரல் நுனியில் தோல் உரிந்ததோடு போயிற்று. நாமோ அலறல் கேட்கும்வரை ஓடிக்கொண்டேயிருந்தோம்.

யந்திரத்தை நிறுத்தியதும் நாம் செய்த முதற் காரியம் என்னவென்றால், "குழந்தையை ஏன் இங்கே வரவிட்டாய்?" என்று மனைவியைக் கடிந்துகொண்டதுதான். இருபது வருஷங்களுக்கு மேல் வக்கீல் தொழில் பார்த்த நமக்கு, பிரதிவாதி கூண்டில் நிற்கவேண்டியவன் வாதியாக மாறி நிரபராதியின்மேல் பிராது கொடுத்துவிட்டான் என்பது அன்றிரவுதான் விளங்கிற்று. இந்தப் பழக்கம் நம் ஒருவருக்கே உரியதன்று. பெரிய கம்பெனிகளும் இதையே செய்கின்றன. அதற்கு அமெரிக்க தேசத்தில் நடந்த ஒரு விருத்தாந்தம் போதிய சாக்ஷியாகும்.

பெலோட்டான் என்பது அத்தேசத்தில் புகழ்பெற்ற தேகாப்பியாச யந்திரக் கம்பெனி. அது 'டிரெட் பிளஸ்' என்னும் பெயரால் ஓர் ஓட்ட யந்திரத்தை விற்றது. விலை ஏறக்குறைய 4,300 டாலர். சாதாரண யந்திரங்களில் ஒரே துண்டான வார் ஓடும். இதிலோ ரப்பர் பூண்ட சட்டங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டு ஓடின. அடிப்பாகம் தரைக்குமேல் உயர்ந்து நின்றது. பின்பக்கத்தில் தடுப்பு ஒன்றுமில்லை. ஓடும் பட்டை பின்புறம் திரும்பிக் கீழே போகும் இடத்தில் எது அகப்பட்டாலும் உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடிய அமைப்பு அது. பந்து அகப்பட்டது, வளர்ப்புப் பிராணிகள் அகப்பட்டன, கடைசியில் குழந்தைகள் அகப்பட்டனர்.

ஆறு வயதுக் குழந்தை ஒன்று இவ்விதம் இழுக்கப்பட்டு உயிர் துறந்த செய்தியை 2021-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கம்பெனியின் தலைவரே வெளியிட்டார். நுகர்பொருள் பாதுகாப்பைக் கவனிப்பதற்காக 1972-ஆம் வருஷத்துச் சட்டத்தால் அமைக்கப்பட்ட கமிஷன் ஒன்று அத்தேசத்தில் உண்டு. ஏப்ரல் 17-ந் தேதி அக்கமிஷன், 39 சம்பவங்கள் தன் கவனத்துக்கு வந்திருப்பதாகவும், சிறு குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ உள்ள வீட்டார் இந்த யந்திரத்தை உடனே நிறுத்தவேண்டுமென்றும் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. வீட்டுக் காமிராவில் பதிவான ஒரு காட்சியையும் வெளியிட்டது. அதிலே ஒரு சிறுவன் தன் பந்தோடு யந்திரத்தின் பின்புறத்தில் சிக்கி உள்ளே இழுபட்டு, தெய்வாதீனமாக விடுபட்டு எழுகிறான். அதைக் கண்ட எந்தத் தகப்பனுக்கும் அன்றிரவு நித்திரை வந்திராது.

கம்பெனி என்ன சொல்லிற்று? எச்சரிக்கை உண்மைக்கு மாறானது, ஜனங்களைத் தவறான வழியில் நடத்துவது என்றது. குழந்தைகளை அருகே விடாமலும், உபயோகமில்லாத வேளையில் சாவியை எடுத்துவைத்தும், புஸ்தகத்தில் அச்சிட்ட விதிகளின்படி நடந்தால் யந்திரத்தை நிறுத்தக் காரணமேயில்லை என்று வாதித்தது. அதாவது, "குழந்தையை ஏன் இங்கே வரவிட்டாய்?" என்று நாம் நம் மனைவியைக் கேட்ட அதே கேள்வி, அழகான இங்கிலீஷில். ஆனால் கமிஷன் ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டிருந்தது. சம்பவங்களில் ஒன்றாவது, பெற்றவர் யந்திரத்தின்மேல் ஓடிக்கொண்டிருந்தபோதே நேர்ந்ததாம். அப்படியிருக்க, உபயோகமில்லாதபோது பூட்டிவைத்தால் போதுமென்னும் வாதம் எப்படி நிற்கும்?

மூன்று வாரங்கூடச் செல்லவில்லை. மே மாதம் 5-ந் தேதி கம்பெனி பணிந்தது. ஏறக்குறைய 1,25,000 யந்திரங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. முதலிலேயே கமிஷனுடன் ஒத்துழைக்காதது தவறென்று கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் சம்பவங்கள் 72 என்று கணக்காயிருந்தன. அவற்றில் 29 குழந்தைகள் காயமுற்றவை. எலும்பு முறிவு, ஆழ்ந்த சிராய்ப்பு, கிழிந்த காயம் என்று அந்த ஜாபிதா நீளுகிறது. பிறகு 2023-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் அக்கம்பெனி 1 கோடியே 90 லக்ஷம் டாலருக்கு மேல் அபராதம் செலுத்த இசைந்தது. ஏன் இந்த அபராதம்? 2018-ஆம் வருஷம் டிசம்பர் முதற்கொண்டே புகார்கள் தன்னிடம் வந்திருந்தும் அவற்றை உடனே கமிஷனுக்குத் தெரிவிக்கவில்லை என்பதும், திரும்பப் பெறுவதாக அறிவித்த பின்னும் சில யந்திரங்களை வினியோகித்தது என்பதுமே குற்றச்சாட்டு. அபாயம் தரக்கூடிய குறையைப் பற்றிய தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் கமிஷனுக்கு அறிவிக்கவேண்டுமென்பது அந்நாட்டு விதி. புஸ்தகத்தில் அச்சிட்ட விதிகளைத் தாய்மார் அனுசரிக்கவேண்டுமென்று போதித்த கம்பெனி, சட்டப் புஸ்தகத்தில் அச்சிட்ட விதியைத் தான் அனுசரிக்கவில்லை.

முடிவில் நேர்ந்த பரிகாரத்தையும் வாசகர்கள் கவனிக்கவேண்டும். யந்திரம் நின்ற சிறிது நேரத்தில் தானே பூட்டிக்கொள்ளவும், நான்கு இலக்க ரகசிய எண் இட்டாலன்றி ஓடாதிருக்கவும் ஏற்பாடு செய்தார்கள். பின்புறத்துக்கு ஒரு தடுப்பும் அமைத்தார்கள். 2023-ஆம் வருஷத்தில் கமிஷன் அதனை அங்கீகரித்தது. கலிபோர்னியாவிலோ நியூயார்க்கிலோ உள்ள தாய்மாருடைய சுபாவம் இரண்டு வருஷத்தில் மாறிவிடவில்லை. மாறியது யந்திரம். முதலிலேயே வைத்திருக்கக்கூடிய ஒரு தடுப்பை வைக்காமல், அக்குறையைப் பெற்றவர்களுடைய விழிப்பினால் நிரப்பப் பார்த்தார்கள் என்பதே இவ்வியாஜ்யத்தின் சாரம்.

டிரெட்மில் என்னும் பெயரைப் பிரசித்தமாக்கியது சிறைச்சாலை என்பது பலருக்குத் தெரியாது. வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் 1818-ஆம் வருஷத்தையொட்டிக் கைதிகளைத் தண்டிப்பதற்காகப் பெரிய மிதி சக்கரம் ஒன்றை அமைத்தார். கைதிகள் வரிசையாக நின்று, மேலே போகாத படிகளை மணிக்கணக்காக மிதித்து ஏறிக்கொண்டேயிருக்க வேண்டும். கொடுமையென்று கண்டு, 1898-ஆம் வருஷத்துச் சிறைச் சட்டத்தோடு அந்தத் தண்டனையை இங்கிலாந்து கைவிட்டது. அன்று தண்டனையாயிருந்தது இன்று விலைகொடுத்து வாங்கும் பண்டமாயிற்று. அதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. ஆனால் சக்கரத்தின் சுபாவம் மாத்திரம் மாறவில்லை. தன்மேல் நிற்பவன் கைதியா கனவானா, தன்னைத் தொடுவது காலா குழந்தையின் கையா என்று அது பாராது.

அந்தக் கைக்கு நேர்வது யாதென்று சிறிது யோசிப்போம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பட்டை ஒரு விநாடியில் ஏறக்குறைய 2.8 மீட்டர் நகருகிறது. குழந்தை ஒரு விநாடி திகைத்துக் கையை எடுக்காமலிருந்தால், இரண்டு ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள சொரசொரப்பான பட்டை அதன் உள்ளங்கையை அராவிச் செல்லுகிறது. உராய்வினால் உஷ்ணம் உண்டாகிறது. ஆகவே தோல் ஒரே சமயத்தில் தேய்ந்தும் போகிறது, வெந்தும் போகிறது. குழந்தையின் தோல் மெல்லியது. பட்டைக்கும் உருளைக்கும் நடுவே விரல் அகப்பட்டால் இழுக்க இழுக்க உட்செல்லுமேயன்றி வெளிவராது. காயம் ஆழமாயின் உடம்பின் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டவேண்டியிருக்கும். அத்தோடும் முடிவதில்லை. விரல் வருஷந்தோறும் வளரும். தழும்போ வளராது, சுருங்கும். எழுதுகோல் பிடிக்கவேண்டிய விரல் மடங்கியபடியே நின்றுவிடும் அபாயம் உண்டு; அதை நிமிர்த்த மீண்டும் சிகிச்சை வேண்டும். ஒரு விநாடியின் கவனக்குறைவுக்குக் குழந்தை பத்து வருஷம் தண்டனை அனுபவிக்கிறது.

ஓட்ட யந்திரத்தின் தொங்கு கயிறும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. குத்துச்சண்டையில் உலகப் புகழ்பெற்ற மைக் டைசனுடைய நான்கு வயதுப் பெண், 2009-ஆம் வருஷம் மே மாதத்தில், அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்து வீட்டில் ஓட்ட யந்திரத்திலிருந்து தொங்கிய கயிறு கழுத்தில் சிக்கி மரணமடைந்தாள். யந்திரம் ஓடாமல் நின்றிருந்தாலும் அந்தக் கயிற்றுக்கு ஓய்வில்லை என்பதை இச்சம்பவம் காட்டுகிறது.

நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் சங்கிலியும் கனத்த சக்கரமும் உண்டு. சிலவற்றில் மிதிப்பவர் காலை எடுத்த பின்னும் சக்கரம் சுழன்றுகொண்டேயிருக்கும். மூடியில்லாத சங்கிலியில் சிறுவிரல் நுழைந்தால் துண்டாகிப் போகும். அடுக்கடுக்காக எடைத் தகடுகள் ஏறி இறங்கும் யந்திரத்தில் தகடுகளின் நடுவே விரல் நசுங்கும். மேஜை ஓரத்தில் வைத்த டம்பெல் குழந்தையின் பாதத்தின்மேல் உருளும். இழுத்துவிட்ட ரப்பர் நாடா கண்ணைத் தாக்கும். இவற்றை ஆக்கியோர் இவையெல்லாம் வளர்ந்தவர் கைக்கென்றே ஆக்கினர். குழந்தையோ வீட்டிலுள்ள பொருள்கள் யாவும் தனக்கென்றே ஆக்கப்பட்டனவென்று நம்புகிறது. நகர்வதைத் தொட்டுப் பார்ப்பது குழந்தையின் இயற்கை. அவ்வியற்கையைக் குற்றமென்று சொல்வதைவிட மூடத்தனம் வேறில்லை.

இங்கே நம் ஆடவர்க்கு ஒரு வார்த்தை. இந்த யந்திரத்தை வாங்குபவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர். எங்கே வைப்பதென்று தீர்மானிப்பவரும் அவரே. ஓடுபவரும் அவரே. விபத்து நேர்ந்தால் மாத்திரம் பொறுப்பு தாயாருக்கும் பாட்டிக்கும் போய்விடுகிறது. அடுப்பில் பாலும், இடுப்பில் ஒரு குழந்தையுமாக நிற்கும் ஸ்திரீ, கூடத்தில் தன் கணவர் ஓட்டிவிட்ட யந்திரத்துக்கும் காவல் நிற்கவேண்டுமென்பது என்ன நியாயம்? யாருடைய தேகாரோக்கியத்துக்காக யந்திரம் வந்ததோ அவரே அதற்குக் காவலர். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

"சாவிதான் இருக்கிறதே!" என்பர் சிலர். அந்தச் சாவியின் கயிற்றை ஓடுபவர் தம் சட்டையில் மாட்டிக்கொள்கிறார். அவர் தடுக்கி விழுந்தால் சாவி கழன்று யந்திரம் நிற்கும். நல்ல ஏற்பாடே. ஆனால் அது காப்பது ஓடுபவரை. பின்னால் குழந்தையின் கை சிக்கினால், ஓடுபவர் விழாதவரையில் சாவி கழலாது, யந்திரமும் நிற்காது. அவர் முகம் ஒருபக்கம், அபாயம் மறுபக்கம். காதில் பாட்டும் ஒலித்தால் அவர் கண்ணும் போயிற்று, செவியும் போயிற்று. ஆகையால் யந்திரம் ஓடாதபோது காவல் சாவி. ஓடும்போது காவல் சாத்திய கதவு ஒன்றே.

இனிச் செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். தனியறை உள்ளவர்கள் யந்திரத்தை அவ்வறையில் வைத்து, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடவேண்டும். தனியறை இல்லாத வீடுகளே நம் நாட்டில் அதிகம். அவர்கள் குழந்தை உறங்கும் வேளையிலோ, பெரியவர் ஒருவர் அதனை வேறிடத்தில் வைத்துக்கொண்டிருக்கும் வேளையிலோ மட்டுமே ஓடவேண்டும். ஓடுபவர் கண்ணுக்கு வாசற்படி தெரியும்படி யந்திரத்தைத் திருப்பி வைக்கவேண்டும். பின்புறத்தில் குறைந்தது 2 மீட்டர் வெற்றிடம் வேண்டும். பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவைத்தால் விழுந்தவர் சுவருக்கும் பட்டைக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்வார். காதுக் கருவியை விலக்கவேண்டும். இறங்கியவுடன் சாவியை எடுத்து உயரமான இடத்தில் வைத்து, மின்சாரத் தொடர்பையும் பிடுங்கிவிடவேண்டும். கயிறு எதுவும் தொங்கலாகாது. சங்கிலி மூடாத சைக்கிளை, குழந்தையுள்ள வீட்டில் இனாமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. டம்பெல் முதலிய கனத்த பொருள்களைப் பூட்டிய பெட்டியில் தரைமட்டத்தில் வைக்கவேண்டும். குழந்தைக்குச் சொல்லியும் வைக்கவேண்டும். ஆனால் சொன்னதை நம்பிக் கதவைத் திறந்துவைக்கலாகாது.

இவ்வளவுக்கும் பிறகு விபத்து நேர்ந்துவிட்டால், முதலில் சாவியைப் பிடுங்கி யந்திரத்தை நிறுத்தவேண்டும். சிக்கிய கையைப் பதறி இழுக்கலாகாது. விடுவித்தபின் உராய்வில் வெந்த இடத்தைக் குழாயிலிருந்து ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிஷம் பிடிக்கவேண்டும். பேனா மை, பற்பசை, காப்பித்தூள், மஞ்சள், நெய் என்று நம் வீடுகளில் பூசும் வழக்கத்தை அறவே ஒழிக்கவேண்டும். அவை காயத்தை மறைத்து, மருத்துவர் வேலையைக் கடினமாக்கி, சீழ் பிடிக்கவும் இடமளிக்கும். சுத்தமான துணியால் மூடி, காயம் சிறிதாகத் தோன்றினாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும். கைக் காயத்தின் ஆழம் முதல்நாள் கண்ணுக்குத் தெரியாது. வண்டி வேண்டின் 108 என்னும் எண் நாடறிந்ததே.

வீட்டுக் கடமை இவ்வளவு. ராஜாங்கக் கடமை என்ன? ஆஸ்திரேலியாவில் ஓட்ட யந்திரங்களின்மேல், குழந்தைகளை அருகே விடலாகாது, ஓடும் பட்டையைத் தொட்டால் கடுமையான உராய்வுக் காயம் நேரும் என்னும் எச்சரிக்கையைக் கண்ணில் படும்படி ஒட்டியே தீரவேண்டுமென 2009-ஆம் வருஷத்தில் கட்டாய விதி செய்தார்கள். அமெரிக்கக் கமிஷன் சுமார் 100 ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பகுதிகளிலிருந்து, எந்தப் பொருளால் எந்தக் காயம் என்ற கணக்கை இடைவிடாது திரட்டிவருகிறது. நம் ஆஸ்பத்திரிப் பதிவில் 'கையில் தீக்காயம்' என்று மட்டும் எழுதினால், அது அடுப்பா, வெந்நீரா, யந்திரமா என்று யாருக்குத் தெரியும்? கணக்கில்லாத துன்பம் ஸர்க்காரின் கண்ணுக்குத் துன்பமாகவே தோன்றாது.

நமக்குச் சட்டமே இல்லையென்று சொல்வதற்கில்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. அதன் ஆறாவது அத்தியாயம் பொருளினால் நேரும் தீங்குக்கு அதனை ஆக்கியவனைப் பொறுப்பாக்குகிறது. தயாரிப்பில் குறை மாத்திரமல்ல, அமைப்பிலேயே குறை இருப்பினும், தீங்கைத் தடுப்பதற்குப் போதிய உபயோக முறையோ எச்சரிக்கையோ தராவிடினும், 84-ஆவது பிரிவின்படி நஷ்டஈடு கேட்கலாம். அபாயகரமான பொருள்களைத் திரும்பப் பெறவும், பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிடும் அதிகாரத்தை 20-ஆவது பிரிவு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அளிக்கிறது. புகாரை ஜில்லா கலெக்டரிடமே கொடுக்கலாமென்று 17-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. அதை வக்கீல் என்ற முறையில் சொல்லவேண்டியது நம் கடமை. யாவரும் எளிதில் அறியக்கூடிய அபாயத்தைப் பற்றி எச்சரிக்கவில்லை என்பதற்காக ஆக்கியவன் பொறுப்பாளியல்லன் என்று 87-ஆவது பிரிவு விலக்களிக்கிறது. "ஓடும் யந்திரத்தில் கை வைத்தால் அடிபடும் என்பது யாருக்குத்தான் தெரியாது?" என்று கம்பெனி வக்கீல் எழுந்து நிற்பார். மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியாது என்பதே அதற்கு விடை. குறை எச்சரிக்கையில் இல்லை, அமைப்பில் இருக்கிறது என்று நம் வக்கீல் நண்பர்கள் வழக்கைத் தொடுக்கவேண்டும்.

வழக்கு என்பது குழந்தை காயமுற்ற பின் வருவது. முன்னரே காப்பதற்கு நாம் நான்கு விஷயங்களை வற்புறுத்துகிறோம். முதலாவது, வீட்டு உபயோகத்துக்கென விற்கும் ஒவ்வோர் ஓட்ட யந்திரத்திலும் பின்புறத் தடுப்பும், சிறிது நேரம் நின்றால் தானே பூட்டிக்கொள்ளும் ஏற்பாடும் கட்டாயமாக வேண்டும். இரண்டாவது, குழந்தைகளைப் பற்றிய எச்சரிக்கை யந்திரத்தின் மேலேயே, தமிழ்நாட்டில் விற்பதாயின் தமிழில், பொறிக்கப்படவேண்டும். பெட்டியோடு வரும் இங்கிலீஷ் புஸ்தகம் பழைய பேப்பர்காரனுக்குத்தான் பயன்படுகிறது. மூன்றாவது, விபத்தைப் பற்றிய செய்தி கிடைத்த ஒரு நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்கவேண்டுமென்ற கடமையைக் கம்பெனிகளின்மேல் தெளிவாகச் சுமத்தவேண்டும். நான்காவது, குழந்தையின் காயத்தைப் பதியும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் அதை விளைத்த பொருளின் பெயரையும் பதியவேண்டும். இவற்றில் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. வேண்டுவது மனம்.

ஊர்ச் சங்கங்களிலும் பொதுக் காரியங்களிலும் உழைக்கும் நம் நண்பர்கள் இதனைச் சிறு விஷயமென்று தள்ளிவிடலாகாது. தம் வட்டாரத்தில் இவ்வித விபத்து நேர்ந்ததாக அறிந்தால், குடும்பத்தாரைத் தேற்றுவதோடு நிற்காமல், புகார் எழுதிக் கலெக்டர் கையில் சேர்ப்பிக்க உதவவேண்டும். 1915 என்னும் நுகர்வோர் உதவி எண்ணுக்கும் தெரிவிக்கலாம். பெற்றோர் வெட்கத்தால் மறைப்பர். "எங்கள் கவனக்குறைவு" என்று தலைகுனிவர். அமெரிக்காவில் அந்த 72 சம்பவங்களும் ஒன்றுசேர்ந்தபோதுதான் கம்பெனி தலைவணங்கிற்று. தனித்தனியே நின்றிருந்தால் அவை 72 வீடுகளின் துக்கமாகவே போயிருக்கும்.

நம் வீட்டு யந்திரம் இப்போது மாடியறையில் இருக்கிறது. கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள். சாவி நம் மேஜை அறையில். பெண் வளர்ந்துவிட்டாள், விரல் நுனியிலுள்ள தழும்பு எப்படி வந்ததென்று அவளுக்கு ஞாபகமில்லை. நமக்கு இருக்கிறது. இதைப் படிக்கும் வாசகர் எவர் வீட்டிலேனும் யந்திரத்தின் சாவி அதிலேயே தொங்குமாயின், பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு முதலில் எழுந்துபோய் அதனை எடுத்துவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.